சிறந்த எதிர்ப்புச் சக்தி யாருக்கு?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கேள்வி நேரானது. பொருந்தாதது அழியும், பொருந்தியது நிலைக்கும் என்கிறது பரிணாமம். மனித இனம் லட்சக்கணக்கான ஆண்டுகளாக நோயோடு மல்லுக்கட்டி வந்திருக்கிறது. அப்படியானால் இருப்பதிலேயே நல்ல எதிர்ப்பு மரபணு இந்நேரம் எல்லோருக்கும் வந்து சேர்ந்திருக்க வேண்டாமா? ஒரே உலையில் வெந்த சோற்றைச் சாப்பிடும் அண்ணன் தம்பிகளில் ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவதும், இன்னொருவர் இரண்டு நாள் ஜலதோஷத்தோடு எழுந்து நடப்பதும் ஏன்? கூடவே, எச்சிலை வாங்கி மரபணுவைப் படித்து ‘உங்கள் எதிர்ப்புச் சக்தி இவ்வளவு’ என்று மதிப்பெண் போடும் பரிசோதனைக்குப் பணம் கட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பணம் கட்டுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். கடிதத்தின் கடைசியில் அதற்கு வருகிறேன். ‘இருப்பதிலேயே நல்லது’ என்று ஒன்று உண்டு என நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள் அல்லவா, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. இயற்கைத் தேர்வு எல்லா எதிர்ப்பு மரபணுக்களையும் ஒரே விதமாக நடத்துவதில்லை. சிலவற்றில் ஓர் எழுத்து மாறுவதைக்கூடப் பொறுப்பதில்லை. சில உடைந்துபோனாலும் கண்டுகொள்வதில்லை. சிலவற்றை ஆயிரக்கணக்கான வடிவங்களாகப் பெருகவிடுகிறது. அந்த மரபணு எதைப் பார்க்கிறது, அது கெட்டால் இழப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்தது இது.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடுகிறேன். கிருமியைத் தொட்டு அடையாளம் காணும் புரதங்களை ஏற்பிகள் என்கிறோம். அவற்றில் ஒரு பெருங்கூட்டம், அதாவது பி செல்களிலும் டி செல்களிலும் இருப்பவை, பிறவியிலேயே முழுதாக வருவதில்லை. அந்தச் செல்கள் வளரும்போது மரபணுத் துண்டுகளை வெட்டி, கலைத்து, புதிது புதிதாகச் சேர்த்துக்கொள்கின்றன. எதிர்ப்புரதங்களின் பன்மை இப்படித்தான் உண்டாகிறது என்று காட்டிய சுசுமு தோனேகாவாவுக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது. அப்படி அமையும் சேர்க்கைகள் அவரவர் ஆயுளோடு சரி, பிள்ளைக்குப் போவதில்லை. நான் சொல்லப்போவது, அம்மா அப்பாவிடமிருந்து அப்படியே இறங்கிவரும் மற்ற ஏற்பிகளையும் அவற்றோடு கைகோத்து வேலை செய்யும் புரதங்களையும் பற்றி.

பழ ஈயிலிருந்து தொடங்கலாம். ‘டோல்’ என்ற மரபணு பழுதான ஈக்கள் பூஞ்சை படர்ந்து சாகின்றன என்று 1996இல் பிரான்ஸில் ஜூல் ஹாஃப்மன் குழு காட்டியது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஏற்பிகள் மனிதரிடம் பத்து இருக்கின்றன. டிஎல்ஆர்1 முதல் டிஎல்ஆர்10 வரை எண் போட்டு அழைக்கிறார்கள். அதில் டிஎல்ஆர்4 பாக்டீரியாவின் மேலுறைப் பொருளை உணர்கிறது என்று கண்டவர் புரூஸ் பாய்ட்லர். இருவருக்கும் 2011இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இந்தப் பத்தையும் பல நாட்டு மக்களிடம் எழுத்தெழுத்தாகப் படித்து ஒப்பிட்டது பாரீஸ் பாஸ்டர் நிறுவனத்தில் லூயிஸ் கின்டானா-முர்சியின் குழு. 2009இல் அவர்கள் வெளியிட்ட முடிவு உங்கள் கேள்விக்குப் பாதி பதில். செல்லுக்குள் உட்கார்ந்திருக்கும் டிஎல்ஆர் 3, 7, 8, 9 ஆகிய நான்கிலும் புரதத்தை மாற்றும் திரிபுகள் மிகக் குறைவு. செல்லின் மேற்பரப்பில் இருக்கும் மற்றவற்றில் திரிபுகள் தாராளம்.

ஏன் இந்த வேறுபாடு? உள்ளே இருக்கும் நான்கும் வைரஸின் ஆர்என்ஏவையும் டிஎன்ஏவையும் உணர்பவை. நம் உடலும் அதே பொருளால்தான் ஆனது. ஏற்பி கொஞ்சம் மந்தமானால் வைரஸ் தப்பிவிடும். கொஞ்சம் கூர்மையானால் நம் சொந்த ஆர்என்ஏவையே எதிரி என்று நினைத்துத் தாக்கத் தொடங்கும். இரு பக்கமும் பள்ளம் இருக்கிற ஒற்றையடிப் பாதை அது. விலகியவர்களின் வம்சம் தழைக்கவில்லை. மேற்பரப்பில் இருப்பவையோ பாக்டீரியா, பூஞ்சை போன்றவற்றின் பல பாகங்களை உணர்பவை. ஒன்று தவறவிட்டதை இன்னொன்று பிடித்துவிடும்.

பாதையை விட்டு விலகினால் என்ன ஆகும் என்பதைக் கொரோனா காட்டியது. 2020இல் நெதர்லாந்தில் அதுவரை எந்த நோயும் இல்லாத நான்கு இளைஞர்கள் சுவாசக் கருவியில் வைக்கப்பட்டார்கள். இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த இரு ஜோடி அண்ணன் தம்பிகள் அவர்கள். மரபணுவைப் படித்தபோது நால்வருக்கும் டிஎல்ஆர்7 பழுதாகியிருந்தது. ஒருவர் பிழைக்கவில்லை. இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் இருப்பதால் ஒன்று கெட்டாலும் மற்றொன்று காக்கும். ஆணுக்கு இருப்பதே ஒன்றுதான். இப்படிப்பட்ட பழுது மக்களிடையே மிக அரிதாக இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு தலைமுறையிலும் அது களையெடுக்கப்பட்டு வந்திருப்பது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் டிஎல்ஆர்5. பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் வாலிழையின் புரதத்தை உணர்வது இதன் வேலை. இந்த மரபணுவின் நடுவில் ‘நிறுத்து’ என்று ஒரு குறியீடு விழுந்து, பாதிப் புரதத்தோடு வேலை நின்றுபோன வடிவம் உலகின் பல மக்களிடம் பரவியிருக்கிறது. அதைச் சுமப்பவர்கள் நம்மைப் போலவே நடமாடுகிறார்கள். இழப்பு சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது. 1999இல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் ஊரில் நடந்த மலர்க் கண்காட்சியில், காட்சிக்கு வைத்த சுழல்நீர்த் தொட்டியிலிருந்து லெஜியோனெல்லா பாக்டீரியா பரவிப் பலர் நிமோனியாவில் விழுந்தார்கள். அந்த நோயாளிகளை ஆராய்ந்தபோது, உடைந்த டிஎல்ஆர்5 உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்று தெரிந்தது. அதே குழுவின் இன்னோர் ஆய்வில், உடம்பு தன்னைத்தானே தாக்கும் லூபஸ் நோய் இவர்களிடம் குறைவாகக் காணப்பட்டது. ஒரு கணக்கில் நட்டம், இன்னொரு கணக்கில் வரவு.

டிஎல்ஆர்1இல் நடந்தது இன்னும் விசித்திரம். ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதால் ஏற்பி செல்லின் மேற்பரப்புக்கு வந்து சேராமல் போகும் வடிவம் ஒன்று உண்டு. எச்சரிக்கைச் சமிக்ஞை பாதிக்கும் மேல் குறைந்துவிடும். ‘பலவீனமான’ இந்த வடிவம்தான் ஐரோப்பியரிடம் பெரும்பான்மை. தற்செயலாக இவ்வளவு பரவ முடியாது. தேர்வு அதை மேலே தூக்கியிருக்கிறது என்கின்றன கணக்குகள். துருக்கியில் நடந்த ஆய்வில் இந்த வடிவம் உள்ளவர்களுக்குத் தொழுநோய் குறைவாக இருந்தது. கிருமி செய்யும் சேதத்தைவிட நம் உடம்பின் ஆவேசம் செய்யும் சேதம் பெரிதாக இருக்கும் நோய்கள் உண்டு. அங்கே மெல்லப் பேசும் ஏற்பிதான் ஆளைக் காப்பாற்றுகிறது. ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்று விளம்பரம் செய்யும் லேகியக்காரர்கள் இதை ஒருமுறை படிக்கலாம்.

இனி எச்எல்ஏ. ஆறாவது குரோமோசோமில் இருக்கும் இந்த மரபணுக் கூட்டத்தைப் போல் மனிதருக்கு மனிதர் வேறுபடும் பகுதி நம் மரபுத்தொகுதியில் வேறு இல்லை. இதுவரை பதிவான வடிவங்கள் நாற்பதாயிரத்துக்கும் மேல். கண்டிப்பாகப் பேசினால் இவை கிருமியைத் தாமாக அடையாளம் காண்பதில்லை. செல்லுக்குள் இருக்கும் புரதங்களின் சிறு துண்டுகளை ஒரு பள்ளத்தில் ஏந்தி வெளியே காட்டுகின்றன. அதைப் பார்த்து முடிவெடுப்பது டி செல்லின் ஏற்பி. ஒவ்வொரு வடிவத்துக்கும் பள்ளத்தின் வார்ப்பு வேறு, அதில் பொருந்தும் துண்டுகளும் வேறு. 1987இல் இந்தப் பள்ளத்தின் வடிவத்தை முதலில் படம் பிடித்தவர்களில் ஒருவர் பமீலா பியோர்க்மன். அடுத்த ஆண்டே ஆஸ்டின் ஹியூஸும் மசதோஷி நேயும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். புரதத்தை மாற்றும் திரிபுகள் பள்ளத்தைச் சுற்றித்தான் குவிந்திருந்தன. மாற்றத்தை இயற்கை இங்கே விரும்பி வரவேற்றிருக்கிறது என்பதற்கு அது கைரேகை போன்ற தடயம்.

இன்னொரு தடயமும் உண்டு. உங்கள் எச்எல்ஏ வடிவம் பக்கத்து வீட்டுக்காரருடையதைவிட ஒரு சிம்பன்ஸியுடையதற்கு நெருக்கமாக இருக்கலாம். நாமும் அவையும் பிரிந்து ஆறேழு மில்லியன் ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பிரிவுக்கு முன்பே இருந்த வம்சாவளிகள் இரண்டு பக்கமும் அழியாமல் நீடிக்கின்றன. ஒன்று ஜெயித்து மற்றவற்றை ஒழித்திருந்தால் இது நடந்திருக்காது.

ஏன் ஒன்று ஜெயிக்கவில்லை? இரண்டு காரணங்களை ஆய்வாளர்கள் முன்வைக்கிறார்கள். முதல் காரணம், அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் வேறு வேறு வடிவம் வாங்கியவரால் அதிகத் துண்டுகளைக் காட்ட முடியும். பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் சிங்கர்நாகலும் 1975இல் சொன்ன யோசனை இது. எச்ஐவி தொற்றியவர்களில் இரு பக்கமும் வேறு வேறு எச்எல்ஏ கொண்டவர்களுக்கு எய்ட்ஸ் தாமதமாகவே வருகிறது என்று 1999இல் மேரி கேரிங்டன் குழு காட்டியது.

இரண்டாவது காரணம் எனக்கு அதிகம் பிடித்தது. கள்ளநோட்டு அடிப்பவர் எந்த நோட்டை அடிப்பார்? அதிகம் புழங்கும் நோட்டைத்தான். கிருமியும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. ஊரில் பெரும்பாலானவர்களிடம் இருக்கும் எச்எல்ஏவுக்குச் சிக்காத மாதிரி தன் புரதத்தை மாற்றிக்கொண்ட கிருமி நன்றாகப் பரவும். அப்போது அரிதான எச்எல்ஏ வைத்திருப்பவர் தப்பிப்பார். அவருடைய பிள்ளைகள் பெருகுவார்கள். அது பெருகிப் பெருகிச் சாதாரணமானதும் கிருமி அதையும் படித்துவிடும். ஆகவே நேற்றைய ‘சிறந்த’ வடிவம் இன்றைக்கு வெறும் சராசரி. நோய்தான் பரிணாமத்தின் பெரிய தேர்வாளர் என்றும், அரிதாக இருப்பதே ஓர் அனுகூலம் என்றும் 1949இலேயே எழுதியவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். 1957இல் இந்தியாவுக்குக் குடிவந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரத்தில் காலமான அதே ஹால்டேன்தான்.

இதில் ஊருக்கு ஊர் கணக்கு மாறும். மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் எச்எல்ஏ-பி53 உள்ள குழந்தைகளுக்குத் தீவிர மலேரியா குறைவு என்று 1991இல் ஏட்ரியன் ஹில் குழு கண்டது. மலேரியா கொடுமையாக இருந்த அந்தப் பகுதியில் அந்த வடிவம் பரவலாக இருக்கிறது, ஐரோப்பாவில் அரிது. அதே 1991இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பனின் குழு, தென் தமிழ்நாட்டு நுரையீரல் காசநோயாளிகளிடம் எச்எல்ஏ-டிஆர்2 கூடுதலாக இருப்பதைப் பதிவு செய்தது. எச்எல்ஏ-பி27 எச்ஐவியைப் பல ஆண்டுகள் அடக்கி வைக்க உதவுகிறது. அதே பி27 முதுகெலும்பு மூட்டுகளை இறுக்கிப்போடும் வாத நோய்க்கும் முக்கியக் காரணி. இதை நல்ல மரபணு என்பீர்களா, கெட்ட மரபணு என்பீர்களா?

ஒரே ஒரு வடிவம் ஒரு பகுதியில் முழு வெற்றி பெற்ற கதையும் உண்டு. சிவப்பணுவின் மேல் ‘டஃபி’ என்ற ஏற்பி இருக்கிறது. நோயெதிர்ப்புச் செல்களை அழைக்கும் கீமோகைன்களைப் பிடித்துக்கொள்வது அதன் வேலை. விவாக்ஸ் மலேரியா ஒட்டுண்ணி அதையே கதவாகப் பயன்படுத்திச் சிவப்பணுவுக்குள் நுழைகிறது. 1970களில் லூயிஸ் மில்லர் இதைக் கண்டுபிடித்தார். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ எல்லோருடைய சிவப்பணுவிலும் அந்த ஏற்பி இல்லை. மரபணுவை இயக்கும் பகுதியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் சிவப்பணுவில் மட்டும் அது உருவாவதில்லை, மற்றத் திசுக்களில் வழக்கம்போல உருவாகிறது. நம்மிடம் அந்த மாற்றம் பரவவில்லை. சென்னையில் மலேரியா என்றால் பெரும்பாலும் விவாக்ஸாக இருப்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஆப்பிரிக்காவில் கிடைத்த அந்த வெற்றிக்கும் விலை உண்டு. டஃபி இல்லாதவர்களின் ரத்தத்தில் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் இயல்பிலேயே குறைவு. ஐரோப்பியரின் எண்ணிக்கையை அளவுகோலாக வைத்து அவர்களை நோயாளிகள் என்று கருதியதும், புற்றுநோய் மருந்தைக் குறைத்ததும் நடந்திருக்கிறது. வெற்றியும் நிரந்தரமில்லை. டஃபி இல்லாதவர்களையும் விவாக்ஸ் தொற்றுகிறது என்று 2010இல் மடகாஸ்கரிலிருந்து செய்தி வந்தது.

தேர்வைச் செய்வது நோய் மட்டும்தான் என்றும் நினைத்துவிடாதீர்கள். பத்தொன்பதாவது குரோமோசோமில் ‘கிர்’ என்ற ஏற்பிக் குடும்பம் இருக்கிறது. இயற்கைக் கொல்லி செல்களில் அமர்ந்து, எதிரே வரும் செல்லின் எச்எல்ஏவைச் சோதித்துப் பார்ப்பவை இவை. கர்ப்பப்பையில் இந்தச் செல்கள் குழந்தைவழிச் செல்களைச் சந்திக்கின்றன. அவற்றில் தந்தையின் எச்எல்ஏவும் இருக்கும். தாயின் கிர் அதிகம் தடுப்பவையாக இருந்து, குழந்தைக்குக் குறிப்பிட்ட ஒரு வகை எச்எல்ஏ-சி வாய்த்துவிட்டால், நஞ்சுக்கொடிக்கு ரத்த ஓட்டம் போதாமல், தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறும் ஆபத்து கூடுகிறது. கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மோஃபெட் குழு 2004இல் காட்டியது இது. தாயின் கிர் அதிகம் தூண்டுபவையாக இருந்தால் அதே எச்எல்ஏ-சியோடு குழந்தை பெரிதாக வளர்கிறது. மிகப் பெரிதானால் பிரசவமே சிக்கல். இந்தப் பக்கமும் சாய முடியாது, அந்தப் பக்கமும் சாய முடியாது. உலகின் எல்லா மக்களிடமும் இரண்டு வகைக் கிர் தொகுப்புகளும் நிலைத்திருப்பதற்கு, நோயைப் போலவே பிரசவ அறையும் ஒரு காரணம் என்று கருதுகிறார்கள்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். கொரோனாவில் நுரையீரல் செயலிழக்கும் ஆபத்தைக் கூட்டும் ஒரு டிஎன்ஏ பகுதி மூன்றாவது குரோமோசோமில் இருக்கிறது. ஏறத்தாழ ஐம்பதாயிரம் எழுத்து நீளம். அது நியாண்டர்தால் மனிதர்களிடமிருந்து நமக்கு வந்தது என்று 2020இல் ஹியூகோ ஸீபெர்கும் ஸ்வாந்தே பேபோவும் காட்டினார்கள். தெற்காசியர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதைச் சுமக்கிறார்கள். ஐரோப்பாவில் நூற்றில் பதினாறு பேர். கிழக்கு ஆசியாவில் அநேகமாக யாருமில்லை. இவ்வளவு கெடுதல் செய்வது நம்மிடம் இவ்வளவு பரவியது எப்படி? பழைய காலத்தில் வேறு ஏதோ நோயிலிருந்து காத்திருக்கலாம் என்று ஊகித்தார்கள். 2022இல் ஸீபெர்க் ஒரு கணக்கை வெளியிட்டார். அந்தப் பகுதிக்குப் பக்கத்தில்தான் எச்ஐவி செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் சிசிஆர்5 ஏற்பியின் மரபணு இருக்கிறது. நியாண்டர்தால் துண்டைச் சுமப்பவர்களிடம் அந்த ஏற்பி குறைவாக உருவாகிறது. அவர்களுக்கு எச்ஐவி தொற்றும் வாய்ப்பு 27 சதவீதம் குறைவு. எச்ஐவி மனிதருக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டில், ஆகையால் அது இந்தத் துண்டைத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. ஆனாலும் ஒன்று தெளிவாகிறது. ஒரே டிஎன்ஏ துண்டு ஒரு வைரஸுக்கு வாசல் திறக்கிறது, இன்னொன்றுக்குச் சாத்துகிறது.

உங்கள் அண்ணன் தம்பி கேள்விக்கும் இதற்குள் பதில் வந்துவிட்டது. பெற்றோர் ஒவ்வொருவரும் தம்மிடமிருக்கும் இரண்டு பிரதிகளில் ஒன்றைத்தான் பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். எச்எல்ஏ தொகுப்பு உடன்பிறந்த இருவருக்கு முழுதும் ஒத்துப்போக நான்கில் ஒரு வாய்ப்புதான். கொல்லி செல்லின் கிர் வேறு குரோமோசோமில் இருப்பதால் அது தனிச் சீட்டாக விழுகிறது. இதோடு வயது, சர்க்கரை நோய், எவ்வளவு வைரஸ் உள்ளே போனது, எத்தனை நாளில் மருத்துவமனைக்குப் போனார்கள் என்பதெல்லாம் சேரும். பல சமயம் மரபணுவைவிட இவை கனமானவை.

ஆகவே பரிசோதனைக்குப் பணம் கட்ட வேண்டாம். ‘எதிர்ப்புச் சக்தி எண்பது மதிப்பெண்’ என்று எவராவது சான்றிதழ் தந்தால், எந்த நோய்க்கு எதிராக, எந்த வயதில், எதை இழந்து என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. ஆனால் மருத்துவர் ஒரு குறிப்பிட்ட மருந்துக்கு முன் எச்எல்ஏ பரிசோதனை கேட்டால் தயங்காதீர்கள். எச்ஐவிக்கான அபாகாவிர் மருந்து எச்எல்ஏ-பி*57:01 உள்ளவர்களுக்கு உயிராபத்தான ஒவ்வாமையைத் தரக்கூடும். வலிப்புக்கான கார்பமாசிபின், பி*15:02 உள்ள ஆசியர்களுக்குத் தோல் உரியும் கொடிய நோயை உண்டாக்கக்கூடும். இந்தச் சோதனைகள் தெளிவான கேள்விக்குத் தெளிவான பதில் தருபவை.

பணத்துக்குப் பதிலாக இன்னொரு இடத்தில் எச்சில் கொடுக்கலாம். ரத்தப் புற்றுநோய்க்கும் தலசீமியாவுக்கும் குருத்தணு மாற்றச் சிகிச்சை செய்ய எச்எல்ஏ பொருந்திய கொடையாளர் வேண்டும். வீட்டில் பொருந்தாதவர் அந்நியரைத் தேட வேண்டும். இத்தனை ஆயிரம் வடிவங்கள் நம்மைக் கூட்டமாகக் காப்பாற்றி வந்திருக்கின்றன. படுக்கையில் கிடக்கும் தனி ஒருவருக்கு அதுவே தடை. நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாகத் தத்தம் சமூகத்துக்குள்ளேயே மணம் முடித்து வந்ததால் ஒவ்வொரு சமூகத்திலும் எச்எல்ஏ வடிவங்களின் விகிதம் வேறு. நோயாளியின் சமூகத்திலிருந்து கொடையாளர் பட்டியலில் ஆளே இல்லாவிட்டால் உலகம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காமல் போகலாம். சென்னையிலிருந்து இயங்கும் தாத்ரி போன்ற பதிவகங்கள் பதினெட்டு வயது நிறைந்தவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்துக் கொடுத்தால் போதும். உங்களுடைய வடிவம் சிறந்ததா என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள், யாரோ ஒருவருக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். அண்ணன் தம்பி இருந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்